ஒற்றை எஞ்சின் விமானம், கீழே முழுக்கக் காடு: தங்கையை அனுப்பலாமா?

ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டது
ஜூன் 7, 2025

என் தங்கை ராணிப்பேட்டையில் நர்ஸ். தென் அமெரிக்காவில் கயானா என்ற நாட்டில், லெதம் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தலைநகர் ஜார்ஜ்டவுன் வரைக்கும் பெரிய விமானம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே காட்டைத் தவிர ஒன்றும் இருக்காதாம். யூடியூபில் அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "எஞ்சின் நின்றால் காட்டுக்குள்தான், ஆள்கூடக் கிடைக்காது" என்று சித்தப்பா வேறு பயமுறுத்துகிறார். அதில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. அனுப்பலாமா?

ஜூன் 7, இரவு 10.40

அனுப்பலாம். நான் அந்த நாட்டில் சில வருஷம் வேலை பார்த்தவன். சொந்த ஊர் காட்பாடி. மருத்துவமனைக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உள்பகுதி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் எது கெட்டாலும் இந்தச் சின்ன விமானத்தில்தான் கிளம்ப வேண்டும். லெதமும் போயிருக்கிறேன், தங்கச் சுரங்க ஊரான மஹ்தியாவும் போயிருக்கிறேன், பக்கரைமா மலைப்பக்கமும் போயிருக்கிறேன்.

அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பயப்பட வேண்டிய விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சித்தப்பா சொல்லும் இடத்தில் இல்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 8, காலை

கயானா எவ்வளவு பெரிய நாடு, எவ்வளவு சின்ன நாடு என்பது முதலில் புரிய வேண்டும். பரப்பளவு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1,30,000. மக்கள்தொகையோ சுமார் 8 லட்சம்தான். அதில் பெரும்பாலோர் கடற்கரை ஓரத்தில் இருக்கிறார்கள். மீதி நிலமெல்லாம், நூற்றுக்கு எண்பதுக்கும் மேல், காடு. லெதம் தெற்கே பிரேசில் எல்லையில், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ருப்புனுனியில் இருக்கிறது. ரோடும் உண்டு. பெரும்பகுதி செம்மண் ரோடு, நடுவில் எஸ்ஸெகிபோ ஆற்றை வண்டியைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். மினிபஸ்ஸில் ராத்திரி முழுக்கப் போக வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழைக்காலம், அப்போது சேற்றில் மாட்டினால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. விமானத்தில் ஒரு மணி சொச்சம்.

ஜார்ஜ்டவுனில் ஓகிள் என்ற பகுதியில் உள்ள சின்ன நிலையத்திலிருந்துதான் இந்த விமானங்கள் கிளம்பும். கவுண்டரில் தங்கைக்கு முதல் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெட்டியை நிறுப்பார்கள், அப்புறம் அவளையும் நிறுப்பார்கள். நெல் மண்டியில் மூட்டை ஏற்றும் தட்டு மெஷின் மாதிரி ஒன்று தரையில் இருக்கும். தோள் பையோடு அதன்மேல் ஏற வேண்டும். பவுண்டுக் கணக்கில் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டுக் கைப்பையை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஏறுவதோ, எடை பார்த்த பிறகு போனையும் பவர் பேங்கையும் பையில் திணிப்பதோ கூடவே கூடாது.

காரணம் இருக்கிறது. அங்கே அதிகம் பறப்பது செஸ்னா கேரவன். மேலே இறக்கை, அதன் கீழே சாய்வாக ஒரு தாங்கு கம்பி, வயிற்றுக்கடியில் சாமான் வைக்கும் நீளமான பெட்டி. பெரிய ரகத்துக்குத் தூக்கக்கூடிய மொத்த எடை 8,750 பவுண்டு, அதாவது 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு மேல் விமானத்தின் எடையே. மீதியில் எரிபொருள், விமானி, ஆட்கள், அரிசி மூட்டை, மருந்து, கோழிக்குஞ்சு எல்லாம் வர வேண்டும். மொத்தம் எவ்வளவு என்பது ஒரு பக்கம், அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னொரு பக்கம். வால் பக்கம் கனமானால் மூக்கு தூக்கும், வேகம் செத்துவிடும், இறக்கையால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. சாமான் ஏற்றும்போதே சில சமயம் வாலுக்கடியில் ஒரு முட்டுக் கொடுத்திருப்பார்கள். பார்த்தால் பயப்பட வேண்டாம், ஏற்றும்போது வால் தரையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

அதனால்தான் ஜன்னல் சீட்டு என்று கேட்க முடியாது. "நீ முன்னாடி, நீ கடைசி" என்று எடையைப் பார்த்து உட்கார வைப்பார்கள்.

ஜூன் 8, மதியம்

எஞ்சின் பற்றிச் சித்தப்பாவுக்கு. கேரவனில் இருப்பது கார் எஞ்சின் மாதிரி பிஸ்டன் எஞ்சின் அல்ல. டர்பைன். பிராட் அண்ட் விட்னி பிடி6 குடும்பம், 675 குதிரைத்திறன். 1960களிலிருந்து உலகம் முழுக்கப் பறக்கிற வகை. ஏறி இறங்கும் பாகங்கள் இல்லை, சுழலும் பாகங்கள் மட்டும். அதனால் திடீரென நிற்பது அரிது. நிற்கவே நிற்காது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் அரிது.

நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது. மூக்கைத் தாழ்த்திச் சறுக்கிக்கொண்டே வரும். உயரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நேரம் விமானி கையில் இருக்கும். ஆறோ, மணல் திட்டோ, பழைய சுரங்க ஓடுதளமோ எங்கே இருக்கிறது என்று அந்த ஊர் விமானிகளுக்கு மனப்பாடம். எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவீர்கள் என்று என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரைக் கேட்டேன். பேசிக்கொண்டே வலது கையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "அங்கே ஒன்று, அந்த வளைவில் மணல், அதைத் தாண்டினால் மஹ்தியா." வழி நெடுக அவர் மனசுக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நானோ வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9

நேற்றே எழுத நினைத்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது மேகத்துக்கு. அதைவிட, மேகத்தைப் பார்த்தும் "போய்விடலாம் சார்" என்று விமானியை அவசரப்படுத்தும் ஆட்களுக்கு.

காட்டில் காலையில் பனிமூட்டம். ஆற்றுக்கு மேலே வெள்ளையாகப் படுத்திருக்கும், வெயில் ஏற ஏற விலகும். மதியத்துக்கு மேல் காட்டின் ஈரமெல்லாம் மேலே போய்க் கறுத்த மேகமாகக் கட்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான் பறக்கும் நேரம். கண்ணால் பார்த்து ஓட்டுவதுதான் அங்கே பெரும்பாலும். காட்டு ஓடுதளங்களில் விளக்கும் கிடையாது, இருட்டியபின் இறங்க முடியாது. காவலூர் தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலையில் ராத்திரி நின்றவர்களுக்கு இருட்டு என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். ஆனால் அங்கிருந்துகூட கீழே ஊர் வெளிச்சம் அடிவானத்தில் தெரியும். கயானாவின் நடுக்காட்டில் அதுவும் தெரியாது.

பக்கரைமா மலைப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பக் காத்திருந்தேன். காலையிலேயே கிளம்ப வேண்டியது, மூட்டம் விலகவில்லை. பதினொன்றரைக்கு மேலே வானம் திறந்தது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஏறி உட்கார்ந்து, கிளம்பியும் விட்டோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, அதன் மேலேயே போகிறோம். முன்னால் பள்ளத்தாக்கின் வாய் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. அடியில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது, அதன் வழியாக அந்தப் பக்கத்து மரங்களும் தெரிந்தன. என் பார்வைக்குப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. விமானி ஒரு வார்த்தை பேசவில்லை. விமானத்தை வலது பக்க மலையை ஒட்டிக் கொண்டுபோனார். அங்கே ஒட்டினால்தான் இடது பக்கம் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும். அப்புறம் இறக்கை சாய்ந்தது, என் ஜன்னல் முழுக்க மரம். ஒவ்வொரு இலைக்கொத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு பெரிய மரத்தின் உச்சியில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பஞ்சவர்ணக் கிளிகள் எழுந்து பறந்ததைப் பார்த்தேன். திரும்பிக் கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கினோம்.

எங்களோடு ஒரு வியாபாரி இருந்தார். இறங்கியதும் கத்த ஆரம்பித்தார். வெளிச்சம் தெரிந்ததே, போயிருக்கலாமே, நான் கொடுத்த காசு என்ன ஆவது என்று. விமானி சக்கரத்தின் பக்கத்தில் இறக்கை நிழலில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். வியாபாரிக்கும் இரண்டு எடுத்து நீட்டினார். "சார், பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். தரை ஏறுகிற வேகத்துக்கு இந்த விமானம் ஏறாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் ராத்திரி அங்கேயே தங்கினோம். எனக்கும் ஜார்ஜ்டவுனில் அவசர வேலை இருந்தது. மறுநாள் காலை அதே வழியில் ஒரு துண்டு மேகம் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே தங்கையிடம் சொல்லுங்கள். விமானி "இன்றைக்கு இல்லை" என்றால் அவர் நல்ல விமானி. அவரிடம் ஏன் என்று கேட்கலாம், கெஞ்சக் கூடாது. ஆஸ்பத்திரியில் வேலையில் சேரும் தேதியை விமானத் தேதிக்கு மறுநாளே வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி இருந்தால் கெஞ்சத் தோன்றாது.

ஜூன் 9, இரவு

வாணியம்பாடி நண்பர் கொலம்பியா விமான விபத்துச் செய்தியை இங்கே போட்டிருக்கிறார். ஆற்காட்டுத் தம்பியின் அம்மா இதைப் படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் மறைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2023 மே 1ஆம் தேதி, அமேசான் காட்டுக்கு மேல் ஒரு செஸ்னா 206. ஏழு பேர். எஞ்சின் கோளாறு என்று விமானி ரேடியோவில் சொன்னார், அப்புறம் சத்தமில்லை. பெரியவர்கள் மூவரும் இறந்துபோனார்கள். நான்கு குழந்தைகள் தப்பினார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. விமானத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. குழந்தைகளை ஜூன் 9ஆம் தேதி, நாற்பதாவது நாள், உயிரோடு மீட்டார்கள். ஹுயிடோட்டோ பழங்குடிப் பிள்ளைகள். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைத் தின்றார்கள், அது தீர்ந்ததும் காட்டில் எதைத் தின்னலாம் என்று தெரிந்திருந்ததால் பிழைத்தார்கள். இன்றைக்குச் சரியாக இரண்டு வருஷம் ஆகிறது.

206 என்பது பிஸ்டன் எஞ்சின் விமானம், கேரவனைவிட மிகவும் சின்னது. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தியில் ஒன்று எந்த விமானத்துக்கும் பொருந்தும். உயர்ந்த மரங்கள் உள்ள காட்டில் விமானம் விழுந்தால் இலைகள் மூடிக்கொள்ளும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தழும்பு தெரியாது. சித்தப்பா அந்த அளவில் சொன்னது சரிதான். அதற்காகத்தான் விமானத்தில் அபாய ஒலிபரப்பி வைத்திருக்கிறார்கள். மோதினால் தானாகவே 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும். பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். எனவே 406 இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் கேட்பது தப்பே இல்லை. நான் கேட்பேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொன்று. உங்கள் பெட்டி வயிற்றுப் பெட்டியில் போய்விடும். தேவைப்படும் பொருள் உடம்போடு இருக்க வேண்டும். ஒரு விசில், சின்னக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், தினசரி மருந்து. முழுக்கை சட்டை, மூடிய காலணி. சுடிதார் போட்டால் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம், ஓடுதளத்தில் புரொப்பெல்லர் காற்றுக்கும் அதுதான் நல்லது.

ஜூன் 10

பயத்தையே பேசிக்கொண்டிருந்தால் தங்கைக்கு நியாயம் செய்ததாக இருக்காது. அவள் பார்க்கப்போவதைச் சொல்லவில்லையே.

கிளம்பியதும் கீழே கடற்கரைச் சமவெளி. நெல் வயல்கள், நேர்நேரான வாய்க்கால்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கரும்புத் தோட்டங்களுக்காக வெட்டியவை. சில நிமிஷத்தில் அது முடிந்துவிடும். அப்புறம் பச்சை. முதல் பத்து நிமிஷம் ஒரே பச்சையாகத்தான் இருக்கும், சலித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். மெதுவாகப் பிரியும். வெளிர்ப் பச்சை, கரும்பச்சை, நடுவில் இலையே இல்லாமல் முழுக்க மஞ்சள் பூவாக நிற்கும் ஒற்றை மரம், ரொம்பத் தூரம் தாண்டி ஊதாவில் இன்னொன்று. தேத்தண்ணி நிறத்தில் ஓடைகள். இலைச்சாறு ஊறி வரும் தண்ணீர் அது, அழுக்கில்லை. காலை நேரத்தில் மேகத்துக்கு மேலே போனால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். மேகத்தின்மேல் நம் விமானத்தின் நிழல் ஓடும், அதைச் சுற்றி முழு வட்டமாக வானவில்.

எஸ்ஸெகிபோ வந்தால் தானாகவே தெரியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு, நடுநடுவே தீவுகளும் பாறை அருவிகளும். பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். முதல் முறை அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே சொல்கிறேன்.

காயமும் தெரியும். மஹ்தியா பக்கம் தங்கச் சுரங்கங்கள். காட்டை வழித்தெடுத்துவிட்டு மஞ்சளும் வெளுத்த பச்சையுமாகக் குட்டைகள் வரிசையாகக் கிடக்கும். அங்கிருந்து போகும் ஓடை மட்டும் கலங்கிப் பால் போட்ட டீ நிறத்தில் ஓடி, கறுத்த ஆற்றில் சேரும் இடம் கோடு போட்டதுபோல் தெரியும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு பாலாற்றுக்கு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அந்தக் குட்டைகளைப் பார்க்கும்போது எனக்குப் பாதரசம்தான் ஞாபகம் வரும். தங்கத்தைப் பிரிக்க அதைத்தான் ஊற்றுகிறார்கள், மீனுக்குள் போய்விடுகிறது. தங்கை அங்கே தாய்மார்களைப் பார்ப்பாள், இதை ஞாபகம் வைத்திருக்கட்டும்.

விடுப்பு கிடைத்தால் கயட்டூர் அருவிக்கு இதே ரக விமானம் போகும். பொட்டாரோ ஆறு ஒரே வீழ்ச்சியாக 226 மீட்டர் இறங்குகிறது. கம்பி வேலி எதுவும் பெரிதாக இல்லை, விளிம்புக்குப் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 11

எஞ்சின் பற்றி மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். குலுக்கல். எஞ்சின் கோளாறு என்று பலர் நினைத்துப் பதறுவது குலுக்கலைத்தான். காட்டுக்கு மேலே வருவதைவிட, காடு முடிந்து ருப்புனுனிப் புல்வெளி தொடங்கும் இடத்தில் மதியம் அதிகமாகத் தூக்கிப் போடும். வெயிலில் புல்தரை சீக்கிரம் சூடாகி காற்றை மேலே தள்ளுகிறது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தூரத்துக் கனுக்கு மலையைப் பார்த்தபடி இருந்தால் வாந்தி வராது. போனைப் பார்த்தால் கட்டாயம் வரும்.

ஜூன் 12

குடியாத்தம் அம்மா ஒருவர் "அங்கே நம்மாட்கள் யாராவது உண்டா" என்று கேட்டிருந்தார். உண்டு. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சுமார் 2,39,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் குறைவு, அவர்களை மதராசி என்பார்கள். தமிழ் அவர்கள் பேச்சிலிருந்து போய்விட்டது. சாமி போகவில்லை. கயானாவின் கிழக்கே பெர்பிஸ் பக்கம் மாரியம்மன், காளி கோயில்களில் இன்றைக்கும் தப்பு அடிக்கிறார்கள், உடுக்கை அடிக்கிறார்கள், கரகம் எடுக்கிறார்கள், வேப்பிலை இருக்கிறது.

லெதம் போகும் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெர்பிஸ்காரர். மருந்துக் கிடங்கில் வேலை. நான் எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன், தெரியவில்லை. வட ஆற்காடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஞ்சின் சத்தத்தில் காதருகே கத்தித்தான் பேச வேண்டும். தன் மூதாதையரின் குடியேற்றச் சீட்டில் ஜில்லா என்ற இடத்தில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கிறது என்றார். அந்தச் சீட்டில் ஜில்லா, தாலுகா, கிராமம், அப்பா பெயர், ஜாதி, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதுவார்கள். கிராமத்தின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எவரோ தாறுமாறாக எழுதியிருந்ததால் எந்த ஊர் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் ஆரணி, போளூர், வாலாஜா, செங்கம் பக்கமெல்லாம் மனசுக்குள் தேடிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. இறங்கும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்களில் யாருக்காவது வீட்டில் "கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை" என்று கதை இருந்தால் இங்கே எழுதுங்கள். உண்மையிலேயே கேட்கிறேன்.

ஜூன் 14

வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரம் பற்றி நான்கைந்து பேர் கேட்டாகிவிட்டது. நம் ஊருக்குச் சின்ன விமானம் வந்தால் இதே மாதிரிதானா?

ஓடுதளத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தொடாது. சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் இருபது பேருக்குள் உட்காரும் விமானத்துக்காகத்தான் அதைத் தயார் செய்தார்கள். நம் சிக்கல் காடு இல்லை, வெயில். சூடான காற்று லேசானது. லேசான காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும், அதனால் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. ஓடுதளத்தை நீட்ட முடியாது என்றால் எடையைத்தான் குறைக்க வேண்டும். அதாவது மதியம் கிளம்பும் விமானத்தில் சில இருக்கைகள் காலியாகப் போகும். காலையும் மாலையும் பறப்பதாக நேரம் வைத்தால் பிழைக்கலாம். சென்னைக்கு ரயிலிலேயே இரண்டு மணி நேரம் என்கிறபோது அந்த வழியில் விமானத்துக்கு யார் ஏறுவார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. வேறு ஊர்களோடு இணைத்தால் பயன் இருக்கும்.

ஜூன் 14, இரவு

"காட்டுக்குள் வாழ்கிறவர்களுக்கு எதற்கு விமானம், பணக்காரச் சுற்றுலாதானே" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

2023 மே மாதம் நம் அணைக்கட்டு பக்கத்தில் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை போய்விட்டது. திரும்பும்போது பாதி வழியில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, பெற்றவள் உடலைக் கையில் சுமந்து மலையேறினாள். வேலூரிலிருந்து எவ்வளவு தூரம் அல்லேரி? நம் மாவட்டத்துக்குள்தானே இருக்கிறது.

கயானாவின் உள்கிராமத்தில் பாம்பு கடித்தால், பிரசவம் சிக்கலானால், ஓடுதளத்துக்கு ஆட்கள் ஓடுவார்கள். மாடுகளை விரட்டுவார்கள், ரேடியோவில் வானம் எப்படி, தரை ஈரமா என்று சொல்வார்கள். விமானம் வந்தால் பின் இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சரை வைப்பார்கள். நான் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோடு உள்ளே போன ஒரு நாள் திரும்பி வர எனக்கு இடமில்லை. என் இடத்தில் வலிப்பு வந்த கர்ப்பிணிப் பெண்ணும் அவள் அம்மாவும் ஏறினார்கள். நான் அங்கேயே தங்கினேன். அந்தப் பெண் பிழைத்ததாக மறுவாரம் கேள்விப்பட்டேன். இதைச் சுற்றுலா என்று சொல்லாதீர்கள்.

ஜூன் 17

வேலூரில் வார்டில் வேலை செய்யும் ஒரு சகோதரி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அருணாசலப் பிரதேசத்திலிருந்து நம் ஊருக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள் நிறைய. திரும்பும்போது அசாமின் திப்ருகரிலிருந்து சின்ன விமானத்தில் தங்கள் மாநிலத்துப் பாசிகாட் போகிறோம் என்கிறார்கள், அனுப்பலாமா என்று. அந்த வழியில் 2022 ஏப்ரல் 12ஆம் தேதி முதல் டோர்னியர் 228 பறக்க ஆரம்பித்தது. நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் கான்பூரில் கட்டிய 17 இருக்கை விமானம். இரண்டு எஞ்சின்.

நோயாளியைப் பொறுத்தவரை இரண்டு எஞ்சினா ஒன்றா என்பது விஷயமில்லை. டோர்னியரிலும் சரி கேரவனிலும் சரி, உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் ஏற்பாடு கிடையாது. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக் காற்றுதான் நோயாளிக்கும். 8,000 அடிக்குப் போனால் உடம்புக்குள் அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று தங்கியவர், சமீபத்தில் வயிற்றிலோ கண்ணிலோ மண்டையிலோ அறுவை செய்துகொண்டவர், ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தவர், இவர்களை டாக்டரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது. நோயாளியின் உடம்புக்குள் போட்டிருக்கும் டியூபின் பலூனில் காற்று அடைத்திருந்தால் அதுவும் விரியும். சளி பிடித்து மூக்கடைத்த குழந்தைக்கு இறங்கும்போது காது வலிக்கும், அந்த நேரம் பார்த்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெரிய விமானத்திலும் இதெல்லாம் ஓரளவு உண்டு என்பதால் டாக்டர்கள் "விமானப் பயணம் செய்யலாம்" என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன் "கடைசிக் கட்டம் சின்ன விமானம், உள்ளே அழுத்தம் கிடையாது" என்று டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டுமென்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கையில் எடுத்துப்போகும் கான்சென்ட்ரேட்டர் என்றால் பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு, மேகத்துக்காக ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் தாங்கும்படி உபரி பேட்டரி கொடுத்தனுப்புங்கள். உபரி பேட்டரி பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான்.